பின்லாந்தின் இளம் டிஃபென்ஸ் வீரர்களை எடைபோடுவது எப்படி? ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பின்லாந்துப் பையனின் நாலு நிமிட ஹைலைட்ஸ் வீடியோவைப் பார்த்துவிட்டு, "இவன் முதல் சுற்றிலேயே போய்விடுவான்" என்று நண்பர்களிடம் அடித்துச் சொன்னேன். அப்புறம்தான் அவன் ஆடிய ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்தேன். தன் கோல் பக்கம் பக் (மட்டையால் அடிக்கும் ரப்பர் வட்டு) கிடைத்தபோதெல்லாம் பயந்துபோய்க் கண்ணாடித் தடுப்பின் மேல் அடித்துத் தள்ளிவிட்டான். பாதிக்கு மேல் எதிரணியின் காலடிக்கே போனது. ஹைலைட்ஸில் அதில் ஒன்றுகூட இல்லை. அதையெல்லாம் யார் வெட்டி ஒட்டுவார்கள்? அவன் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. அந்தத் தப்பிலிருந்து தேறிய முறைதான் இது.

முதலில் இரண்டே வரி அடிப்படை. வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் அணிகள் இளம் வீரர்களை முறைபோட்டு எடுக்கும் டிராஃப்ட் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். 32 அணிகள், 7 சுற்று, மொத்தம் ஏறக்குறைய 224 பேர். டிஃபென்ஸ் வீரர் என்றால் கோல்கீப்பருக்கு முன்னால் ஜோடியாக ஆடும் இருவரில் ஒருவர். எதிரணியைத் தடுப்பதும் பக்கை மீட்டு முன்னால் அனுப்புவதும் அவர் வேலை.

படி 1: பிறந்த தேதியிலிருந்து தொடங்குங்கள்

கோல் கணக்கைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது முடிந்திருந்தால்தான் ஒருவரைத் தேர்வு செய்யலாம். அதனால் ஒரே டிராஃப்டில் நிற்கும் இருவருக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கலாம். பதினேழு வயதில் ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா? தோள் அகலம், கால் பலம், நிதானம் எல்லாமே மாறிவிடும்.

மிரோ ஹெய்ஸ்கனென் 1999 ஜூலை 18 அன்று பிறந்தவர். 2017 ஜூனில் டாலஸ் ஸ்டார்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தபோது அவருக்கு இன்னும் 17 வயதுதான். யெஸ்ஸே புல்க்கினென் பிறந்தது 2004 டிசம்பர் கடைசியில். 2023-இலேயே தகுதி இருந்தும் யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு 54-ஆவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் எடுத்தது. ஆறரை அடி உயரம் உள்ள ஒரு பையன் தன் உடம்போடு பழக இன்னொரு வருடம் எடுத்துக்கொள்வது ஆச்சரியம் இல்லை. ஆகவே உங்கள் நோட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே பிறந்த தேதியை எழுதிவிடுங்கள். ஒருமுறை யாரும் எடுக்கவில்லை என்பதற்காகப் பெயரை அடிக்கவும் வேண்டாம்.

படி 2: எந்த மைதானத்தில் ஆடுகிறான்?

பின்லாந்தில் ஏணி இப்படி இருக்கும்: 18 வயதுக்குட்பட்டோர் லீக், 20 வயதுக்குட்பட்டோர் லீக், அதற்கு மேல் பெரியவர்களின் இரண்டாம் நிலையான மெஸ்டிஸ், உச்சியில் லீகா. கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்) சேர்த்ததுதான் புள்ளி. பள்ளிப் பையன்களோடு முப்பது புள்ளி எடுப்பதும், முப்பது வயது ஆட்களோடு மோதிப் பத்துப் புள்ளி எடுப்பதும் ஒன்றல்ல. ஹெய்ஸ்கனெனின் 2016-17 கணக்கைப் பாருங்கள்: ஹெல்சிங்கியின் எச்.ஐ.எஃப்.கே. அணிக்காக லீகாவில் 37 ஆட்டம், 5 கோல், 5 அசிஸ்ட். பத்தே பத்துப் புள்ளி! தாளில் மட்டும் பார்த்தால் "இதற்கா மூன்றாம் இடம்?" என்று தோன்றும். அடுத்த சீசனில் 30 ஆட்டத்தில் 23 புள்ளி. 2020 என்எச்எல் பிளேஆஃபில் (நாக்-அவுட் சுற்றுகளில்) டாலஸ் இறுதிச் சுற்று வரை போனபோது 27 ஆட்டத்தில் 26 புள்ளி.

சிலர் பதினாறு பதினேழு வயதிலேயே கனடாவின் ஜூனியர் லீகுகளுக்குப் போய்விடுவார்கள். ஒல்லி மாத்தாவும் ஒல்லி யுவோலெவியும் லண்டன் நைட்ஸில் ஆடியவர்கள். இந்த லண்டன் இங்கிலாந்தில் இல்லை, ஒன்டாரியோவில் இருக்கிறது. அங்கே புள்ளிகள் தாராளமாகக் கிடைக்கும். அந்தக் கணக்கை லீகா கணக்கோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

பின்லாந்துத் தளங்களில் புள்ளிவிவர அட்டவணையைத் திறந்தால் தலைப்புகள் ஓ, எம், எஸ், பி என்று இருக்கும். முறையே ஆட்டம், கோல், அசிஸ்ட், புள்ளி. இதற்கு மேல் பின்னிஷ் தெரிய வேண்டியதில்லை. 'புவோலுஸ்தாயா' என்றால் டிஃபென்ஸ் வீரர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

படி 3: பக்கை விடுங்கள், ஒரே ஆளைப் பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் சொல்கிறேன்.

வார நாட்களில் லீகா ஆட்டம் பெரும்பாலும் அங்கே மாலை 6.30-க்குத் தொடங்கும். குளிர்காலத்தில் அது இந்திய நேரத்துக்கு இரவு 10 மணி. சாப்பிட்டுவிட்டு, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் பார்க்க வந்தவன் களத்தில் இருக்கும் ஒவ்வொரு முறையும் அவனை மட்டும் பாருங்கள். முதல் பத்து நிமிடம் கண் தானாகப் பக்கின் பின்னால் ஓடும். பரவாயில்லை, பழகிவிடும்.

அடிக்கடி வரும் ஒரு காட்சி இது. எதிரணி நடுக்களத்திலிருந்து பக்கை மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்தி வருகிறது. நம் ஆள் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு மூலையை நோக்கி ஓடுகிறான். பின்னால் எண்பது தொண்ணூறு கிலோ ஆள் ஒருவன் இடிக்க வந்துகொண்டிருக்கிறான். பக்கைத் தொடும் முன் நம் ஆள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தானா? எத்தனை முறை? ஒரு முறை பார்ப்பவனுக்கு ஆள் வருவது தெரியும். இரண்டு முறை பார்ப்பவனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான், தன் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்பதும் தெரியும். அவன் பக்கைத் தொடும்போதே பாதை முடிவாகியிருக்கும். இடுப்பை இடது பக்கம் போவதுபோல் ஒரு அசைப்பு அசைப்பான், துரத்தி வந்தவன் அந்தப் பக்கம் சாய்வான், இவன் வலது பக்கம் கோலுக்குப் பின்னால் வழுக்கிப் போய் ஒரு தட்டையான பாஸ் கொடுப்பான். மொத்தம் மூன்று நான்கு நொடி. டிவியில் கமென்ட்ரி சொல்பவர்கூட இதைக் குறிப்பிட மாட்டார். அணிகளின் ஸ்கவுட்டுகள் (இளம் வீரர்களைத் தேடிப் பார்ப்பவர்கள்) இதற்காகத்தான் அந்தக் குளிரில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள். மூலையில் எடுத்த பக் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு: தன் ஆளின் மட்டைக்கே சரியாகப் போய்ச் சேர்ந்தது, குருட்டாம்போக்கில் வெளியே அடித்தது, பறிகொடுத்தது. ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். நான் குறைந்தது நான்கு ஆட்டமாவது பார்ப்பேன், அதில் ஒன்று அவன் அணி தோற்றதாக இருக்க வேண்டும். ஜெயிக்கும்போது எல்லோருமே நிதானமாகத்தான் தெரிவார்கள்.

ஏன் இதற்கு இத்தனை அழுத்தம் தருகிறேன் என்றால், களத்தின் அகலம். ஐரோப்பாவின் பழைய சர்வதேச அளவு 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பின்லாந்தில் சற்றே குறுகிய களங்களும் உண்டு. என்எச்எல் களத்தின் அகலமோ ஏறக்குறைய 26 மீட்டர். அங்கே துரத்தி வருபவன் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுவான். அகலமான களத்தில் பக் கைக்கு வந்தபின் யோசித்துத் தப்பிப்பவன், அங்கே யோசிக்கும் முன்பே சுவரோடு நசுங்குவான்.

படி 4: பின்னோக்கிச் சறுக்கும்போது இடைவெளி

எதிரணி பக்கோடு வேகமாக வருகிறது. நம் ஆள் முகத்தை அவர்களுக்குக் காட்டியபடி பின்னோக்கிச் சறுக்குகிறான். இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம்? ஸ்கவுட்டுகள் இதைத்தான் 'கேப்' என்பார்கள். மட்டையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தால் நல்லது. நீலக்கோட்டுக்கு (தன் தற்காப்புப் பகுதியின் எல்லைக்கோடு) வெளியிலேயே எதிராளியைச் சுவர்ப் பக்கம் ஒதுக்கி, பக்கைக் கைவிட வைப்பவன் தேறியவன். பயந்தவன் மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கோல்கீப்பரின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிடுவான். உடனே கோல் விழாமல் போகலாம், ஆனால் ஆட்டம் முழுக்க அவன் பக்கமாகவே தாக்குதல் வரும்.

திரும்பும் இடத்தையும் கவனியுங்கள். பின்னோக்கிப் போவதிலிருந்து முன்னோக்கித் திரும்பும் அந்தத் திருப்பத்தில் ஒரு தடுமாற்றம், கூடுதலாக ஒரு எட்டு இருக்கிறதா? இடப்பக்கம் சரளமாகவும் வலப்பக்கம் கட்டை போலவும் திரும்புபவர்கள் நிறைய. குறித்துவையுங்கள், இது பயிற்சியில் சரியாகக்கூடியதுதான்.

படி 5: எண்களைப் பிரித்துப் பாருங்கள்

புள்ளிகளைக் கண்டதும் கேட்க வேண்டியது: பவர்பிளேயில் எத்தனை, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது எத்தனை? எதிரணியில் ஒருவர் தண்டனையில் உட்கார்ந்திருக்கும்போது எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டில் நின்று பக்கைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டாலே அசிஸ்ட் வந்துவிடும்.

யுவோலெவியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 2016 உலக ஜூனியர் போட்டி ஹெல்சிங்கியில் நடந்தது. பின்லாந்து தங்கம் வென்றது. பதினேழு வயது யுவோலெவி 7 ஆட்டத்தில் 9 அசிஸ்ட். அந்த அணியின் முன்வரிசையில் பாட்ரிக் லைனே, செபாஸ்டியன் ஆஹோ, யெஸ்ஸே புல்யுயார்வி என்று மூன்று பேர். அவர்களிடம் பக்கைச் சேர்த்தாலே போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஜூனில் வான்கூவர் அவரை ஐந்தாவதாக எடுத்தது. அடுத்த இடத்தில் போனவர் பின்னாளில் நட்சத்திரமான மாத்யூ தகாச்சுக். முதுகிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை என்று யுவோலெவிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. என்எச்எல்லில் மொத்தம் 41 ஆட்டம்தான். காயம் இல்லாமல் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். அதற்காக அவரைக் குறை சொல்வது நியாயம் இல்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, இரண்டு வாரப் போட்டி ஒன்றுக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதைத்தான். என்னைக் கேட்டால், அதை நான்கைந்து ஆட்டங்களாக மட்டும் கணக்கில் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

களத்தில் இருக்கும் நேரம் உங்களுக்கு அதைவிட நேர்மையான எண். லீகா அதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியிடுகிறது. பதினேழு வயதுப் பையனுக்குப் பயிற்சியாளர் ஆட்டத்தின் கடைசியான மூன்றாம் பகுதியில், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது களம் தருகிறார் என்றால், அவனைத் தினமும் பார்ப்பவர் அவனை நம்புகிறார் என்று அர்த்தம். பிளஸ்-மைனஸ் எண்ணை (அவன் களத்தில் இருக்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) நான் கண்டுகொள்வதே இல்லை. அது அணியின் கணக்கு.

படி 6: உயரம்

இதில் அதிக நேரம் செலவழிக்காதீர்கள். கிம்மோ திமோனென் ஐந்தடி பத்து அங்குலம். 1993-இல் 250-ஆவதாக எடுக்கப்பட்டவர் (அப்போது சுற்றுகள் அதிகம்). ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட என்எச்எல் ஆட்டங்கள் ஆடி, 2015-இல் சிகாகோவோடு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கிவிட்டுத்தான் விடைபெற்றார். சாமி வாதனெனும் அதே உயரம்தான், 106-ஆவது தேர்வு. குள்ளமாக இருந்தால் மூன்றாவது படியில் மதிப்பெண் உயர்வாக இருக்க வேண்டும், அவ்வளவே.

படி 7: இடைவெளிகளுக்குக் காரணம் தேடுங்கள்

ஆட்ட எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் காயமா, அணி மாற்றமா, கீழ் லீகுக்கு அனுப்பப்பட்டானா என்று பாருங்கள். பின்லாந்தில் இளைஞர்களுக்கு ராணுவப் பணியும் உண்டு. விளையாட்டு வீரர்களுக்கென ராணுவத்திலேயே ஒரு விளையாட்டுப் பள்ளி இருக்கிறது, ஆனாலும் அந்த மாதங்களில் உடம்பில் அலுப்புத் தெரியலாம்.

ஆரோன் கிவிஹர்யு இதற்கு நல்ல உதாரணம். பதினைந்து வயதிலேயே பெரிய பெயர். டிராஃப்ட் ஆண்டான 2023-24 சீசனில் காயம்பட்டு லீகாவில் 7 ஆட்டம்தான் ஆட முடிந்தது. 2024-இல் மினசோட்டா அவரை 122-ஆவதாக எடுத்தது. அடுத்த குளிர்காலத்தில் உலக ஜூனியரில் வெள்ளி வென்ற பின்லாந்து அணிக்கு அவர்தான் கேப்டன். ஏழு ஆட்டத்தை வைத்து யாரால் எடைபோட முடியும்? இப்படிப்பட்ட இடத்தில் முந்தைய இரண்டு சீசன் வீடியோக்களைத் தேடிப் பார்ப்பதுதான் வழி.

படி 8: நாலு வரியில் எழுதுங்கள்

எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாப் பையன்களும் மனதில் ஒரே ஆளாகிவிடுவார்கள். என் நோட்டில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு, கற்பனை வீரன் ஒருவனை வைத்து ஒரு மாதிரி:

"பிறந்தது ஆகஸ்ட், வலது கை ஆட்டக்காரன் (இந்த வகை குறைவு, அணிகள் தேடும்). 20 வயதுக்குட்பட்டோர் லீக், நான்கு ஆட்டம் பார்த்தேன். மூலையில் 31 பக்: 19 சுத்தம், 8 சும்மா அடித்தது, 4 பறிகொடுத்தது. நாலில் மூன்று ஒரே ஆட்டத்தில், அன்று எதிரணி இரண்டு பேராகத் துரத்தி வந்தது. தோளுக்கு மேல் பார்க்கிறான், ஆனால் ஒரு முறைதான். கேப் நன்று. இடப்பக்கத் திருப்பம் மந்தம். பவர்பிளேயில் இல்லை, அதனால் புள்ளி குறைவு; கவலை வேண்டாம். மூன்றாம் சுற்று என்று தோன்றுகிறது. பெரியவர்கள் லீகுக்கு ஏற்றினால் ஜனவரியில் மறுபடி பார்க்க வேண்டும்."