யு.பி.யு. மெரிட் புள்ளியை வீட்டிலேயே கணக்கிடுவது எப்படி? (எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு)

மலேசியாவில் ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வெளியாகும் வாரத்தில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எந்த உணவுக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்விதான் காதில் விழும். "மூன்று புள்ளி ஐந்து எடுத்திருக்கிறாள், இடம் கிடைக்குமா?" பக்கத்து மேசையில் இருப்பவர் தயங்காமல் ஒரு பதில் சொல்வார். அது பெரும்பாலும் அவருடைய அண்ணன் மகனுக்கு எப்போதோ நடந்ததாக இருக்கும். இதில் ஊகத்துக்கு வேலையே இல்லை, கணக்கு இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முறைதான் யு.பி.யு., அதில் மாணவர்களை வரிசைப்படுத்தும் மதிப்பெண்தான் மெரிட். தங்கைக்காக நான் போட்டுப் பார்த்த அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். யு.பி.யு. தளத்தில் கணக்குத் திறப்பது, கடவுச்சொல் அமைப்பது போன்றவற்றை விளக்கப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

முதல் படி: பி.என்.ஜி.கே.

முடிவுத் தாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தரம் இருக்கும். ஏ என்றால் 4.00, ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33, பி 3.00, பி மைனஸ் 2.67, சி பிளஸ் 2.33, சி 2.00. நான்கு பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி நான்கால் வகுத்தால் வருவதுதான் பி.என்.ஜி.கே. தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். இருந்தாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், எந்தப் பாடம் கீழே இழுத்தது என்று கண்ணுக்குத் தெரியும்.

ஒரு மாணவி பெங்காஜியான் அம் என்ற பொதுப் பாடத்தில் பி பிளஸ், தமிழ்மொழியில் ஏ, வரலாற்றில் ஏ மைனஸ், பொருளியலில் பி வாங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 3.33, 4.00, 3.67, 3.00, கூட்டினால் 14.00. நான்கால் வகுத்தால் 3.50.

இரண்டாம் படி: தொண்ணூறும் பத்தும்

மெரிட் நூறு புள்ளிக்கு. அதில் தொண்ணூறு படிப்புக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. பி.என்.ஜி.கே.யை 4.00ஆல் வகுத்து 90ஆல் பெருக்க வேண்டும். நம் மாணவிக்கு 3.50 என்பது 78.75 ஆகிறது. அதனுடன் புறப்பாடப் புள்ளியைக் கூட்டினால் மெரிட் வந்துவிடும். எஸ்.டி.பி.எம்.முக்குப் பதிலாக மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்பை முடித்த மாணவர்களுக்கும் இதே 90க்கு 10 கணக்குத்தான்.

இதற்கு இணையத்தில் கணிப்பான்கள் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எந்த ஆண்டு எழுதிய சூத்திரம் உள்ளே ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு பள்ளி நோட்டும் சாதாரணக் கணிப்பானும் போதும்.

மூன்றாம் படி: அந்தப் பத்துப் புள்ளி

எங்கள் வீட்டில் அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

பத்துத்தானே என்று எல்லோரும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன மாணவி பொருளியலில் 'பி'க்குப் பதில் பி பிளஸ் எடுத்திருந்தால் பி.என்.ஜி.கே. 3.58 ஆகும், படிப்புப் புள்ளி 80.55. அதாவது ஒரு பாடத்தில் ஒரு படி ஏறினால் கிடைப்பது 1.80 புள்ளி. இதே மாணவியின் புறப்பாடப் புள்ளி 6.20ஆக இருந்தால் மெரிட் 84.95. அது 9.10ஆக இருந்தால் 87.85. வித்தியாசம் 2.90. இரவெல்லாம் விழித்துப் பொருளியல் படித்து ஏறும் ஒரு படியைவிட, இரண்டு ஆண்டு சீருடை இயக்கத்துக்கு ஒழுங்காகப் போனது அதிகம் தருகிறது. இது நியாயமா என்று என்னைக் கேட்டால் வாதாடத் தயார், ஆனால் விதி அதுதான்.

சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் வருகை, வகித்த பொறுப்பு, பங்கெடுத்த நிலை, பெற்ற வெற்றி எல்லாம் கணக்கில் வரும். பள்ளி அளவில் ஓடியதற்கும் மாவட்ட அளவில் ஓடியதற்கும் புள்ளி வேறு. இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தப் புள்ளியை நீங்கள் பதிவு செய்வதில்லை, பள்ளிதான் செய்கிறது. தங்கைக்கு மாவட்ட அளவிலான போட்டிச் சான்றிதழ் ஒன்று இருந்தது. பள்ளியின் பதிவில் அது ஏறவே இல்லை. ஆசிரியர் மாறியபோது கோப்பு எங்கோ போய்விட்டதாம். நல்லவேளை, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த அசல் கையில் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் திருத்தினார்கள்.

ஆகவே ஆறாம் படிவத்தில் கடைசித் தவணை முடிவதற்குள் பொறுப்பாசிரியரிடம் போய் "என் புறப்பாடப் புள்ளி எவ்வளவு, எதெல்லாம் ஏறியிருக்கிறது?" என்று கேளுங்கள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் படிக்க வரும் பிள்ளைகள் மாலைப் பயிற்சிக்கு நிற்க முடியாமல் வருகைப் புள்ளியை இழப்பது வழக்கம். போக்குவரத்துதான் காரணம் என்றால் அதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, சனிக்கிழமைப் பயிற்சி உள்ள கழகமாகப் பார்த்துச் சேர்வது புத்திசாலித்தனம்.

நான்காம் படி: வாசலில் தடுக்கும் நிபந்தனைகள்

மெரிட் 95 இருந்தாலும் நிபந்தனை பொருந்தாவிட்டால் வரிசையிலேயே நிற்க முடியாது. பொது நிபந்தனையில் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) மலாய்மொழியில் கிரெடிட் (சி அல்லது அதற்கு மேல்), 2013 முதல் எழுதியவர்களுக்கு எஸ்.பி.எம். வரலாற்றில் தேர்ச்சி, எஸ்.டி.பி.எம்.மில் குறைந்தது 2.00 பி.என்.ஜி.கே. ஆகியவை வரும். அதற்கு மேல் ஒவ்வொரு படிப்புக்கும் சிறப்பு நிபந்தனை உண்டு.

மூயெட் ஆங்கிலத் தேர்வைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என நான்கு தாள்கள். முடிவு 1 முதல் 5 பிளஸ் வரையிலான பேண்டில், அதாவது தரநிலையில், வரும். அந்த பேண்ட் மெரிட் புள்ளியோடு சேராது. படிப்பு கேட்கும் பேண்ட் உங்களிடம் இருந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே, அவ்வளவுதான். பேண்ட் 5 வாங்கியதால் பேண்ட் 3 வாங்கியவரை முந்திவிட மாட்டீர்கள். ஆனால் 3 மட்டுமே வாங்கியவருக்குச் சில படிப்புகளின் கதவே திறக்காது. மூயெட் ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடப்பதால், முதல்முறை குறைந்தால் அடுத்த அமர்வுக்கு உடனே பதிந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சராசரி மெரிட்டைப் படிக்கும் விதம்

யு.பி.யு. தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே சராசரி மெரிட் என்று ஓர் எண் இருக்கும். பலர் அதைக் குறைந்தபட்சம் என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். யூடியூபில் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வரும் பெற்றோர் இதையும் "கட்-ஆஃப்" என்றே சொல்கிறார்கள். அங்கே பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் வேறு கதை. இங்கே காட்டப்படுவது முன்பு சேர்க்கப்பட்டவர்களின் சராசரி. சராசரிக்குக் கீழே இருந்தவர்களும் அதில் அடக்கம். சராசரி 86 என்று இருக்கும் படிப்புக்கு உங்கள் 84.95 தகுதியற்றது அல்ல. 93 என்று இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள்.

நான் ஒரு கூகுள் ஷீட் போட்டேன். படிப்பின் பெயர், பல்கலைக்கழகம், சிறப்பு நிபந்தனை பொருந்துகிறதா, சராசரி மெரிட், நேர்முகத் தேர்வு உண்டா என ஐந்து பத்திகள். கைபேசித் திரையில் இதைச் செய்யாதீர்கள், கண் வலிக்கும். பொது நூலகக் கணினி மேலானது. 12 தெரிவுகள் வரை கொடுக்கலாம் என்பதால் மேலே உண்மையில் விரும்புகிற படிப்புகளையும், நடுவில் உங்கள் மெரிட்டுக்கு ஒட்டியவற்றையும், அடியில் சராசரி உங்களைவிடக் குறைவாக உள்ளவற்றையும் வையுங்கள். விருப்பமில்லாத படிப்பை நிரப்புவதற்காகப் போடாதீர்கள், அதுவே கிடைத்துவிடும். ஆசிரியர் கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அதற்குப் போகாவிட்டால் மெரிட் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

பின்சேர்க்கை

வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: முதல் தவணையில் சொதப்பிவிட்டால் தீர்ந்ததா? இல்லை. எஸ்.டி.பி.எம்.மில் மறுதேர்வு உண்டு. இரண்டில் சிறந்த மதிப்பெண்ணையே எடுப்பார்கள். ஆனால் எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுதப் பதிய வேண்டாம். ஒரு படிக்கு ஏறத்தாழ 1.80 புள்ளி என்ற கணக்கை வைத்து, எல்லைக்கோட்டில் நிற்கும் பாடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

எஸ்.பி.எம். முடித்து டிப்ளோமா, அசாசி (பல்கலைக்கழக அடிப்படைப் படிப்பு) தேடுகிறவர்களுக்கும் 90க்கு 10தான். ஆனால் படிப்புப் பகுதியை எஸ்.பி.எம். தரங்களிலிருந்து எடுப்பதால் மேலே உள்ள சூத்திரம் பொருந்தாது.

இடம் கிடைக்காதவர்களுக்கு: மேல்முறையீட்டுக்குச் சில நாள்களே தருவார்கள். முடிவு வந்த அன்றே அந்த ஷீட்டைத் திறந்து, அடியில் இருந்த படிப்புகளில் எதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்று பாருங்கள்.