எடை தூக்கக் கூச்சப்படுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கும் நம் பிள்ளைகளில் பலர், முதல் சம்பளம் வந்ததும் ஜிம்மில் சேர்ந்துவிடுகிறார்கள். சேர்ந்தபின் டிரெட்மில்லை விட்டு இறங்குவதில்லை. பெரிய பெரிய தோள்கள் எடை தூக்கி நிற்கும் கண்ணாடிப் பக்கம் போகக் கூச்சம். ஆரம்பத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசிக்கு இந்தக் கூச்சம்தான் காரணம் என்பேன்.

ஒருவழியாகத் தைரியம் வந்து அந்தப் பக்கம் போனால், அங்கே வீம்பு பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று கூடுதலாக ஒரு பிளேட் (எடைத் தட்டு) மாட்டுகிறார்கள். பிளேட் மாட்டும் கம்பிக்கே, அதாவது பாருக்கே, எடை உண்டு என்பது பலருக்கு உறைப்பதில்லை. ஒலிம்பிக் பார் மட்டுமே 20 கிலோ. இருபுறமும் பத்துப் பத்து மாட்டினால் மொத்தம் 40. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) பழகாதவருக்கு வெறும் பாரே தாராளம். அதுவும் கனத்தால் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழுந்தால் போதும்.

சரி, எவ்வளவு தூக்கலாம்? 10 முறை தூக்கி வைக்கும்போது, இன்னும் இரண்டு முறை முடியும் என்று தோன்ற வேண்டும். உடம்பு கோணாமல் 12 வரை போகிறதா, அடுத்த தடவை பக்கத்துக்கு 1.25 கிலோ கூட்டுங்கள். முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு, இருக்கிற தசையை வேலை வாங்க நரம்பு மண்டலம் பழகுவதால் வருவது. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் அந்த வேகத்தில் உறுதிப்படுவதில்லை. ஆகவே ஏறுகிறதே என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

அடுத்தது, கேட்கக் கூச்சம். டிரெய்னரிடம் கன்னடத்தில் எப்படிப் பேசுவது என்று ரீல்ஸைப் பார்த்துச் செய்கிறார்கள். அதிலும் வாரத்துக்கு ஒரு புதுப் பயிற்சி. அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழிலேயே காரியம் நடக்கும். மற்ற இடங்களில் ‘சார், ஒந்து சலா தோர்ஸி’ (ஒருமுறை காட்டுங்கள்) என்று கேட்டுப் பாருங்கள், செய்து காட்டுவார்கள். மல்லாந்து படுத்து பாரை நெஞ்சுக்கு மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் போடும்போது தலைமாட்டில் நிற்க ஒரு ஆளைக் கூப்பிடவும் தயங்க வேண்டாம். பார் நெஞ்சில் மாட்டிக்கொண்டால் அது விளையாட்டுக் காரியம் இல்லை.

யாராவது மிஷினுக்குக் காத்திருந்தால் பதறிப்போய் மூச்சு வாங்க வாங்க அடுத்த செட்டை (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றை) முடிப்பவர்களும் உண்டு. பெரிய பயிற்சிகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு உங்கள் உரிமை. காத்திருப்பவரை நடுவில் ஒரு செட் போடச் சொல்லுங்கள். ஜிம்மில் அது சகஜம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, குனிந்து தூக்குவது என இந்த நான்கு வகையிலும் ஒவ்வொன்றைச் செய்யுங்கள். கனமான செட்டுக்கு முன் அதே பயிற்சியை லேசான எடையில் செய்து உடம்பைச் சூடாக்குங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு வலிக்கும், அது அடங்கிவிடும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள். எடை தூக்கினால் ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுவோம் என்று பயப்படும் பெண்களுக்கு: அவ்வளவு தசை வர, ஆண்களே வருடக்கணக்கில் உழைக்கிறார்கள்.

சாப்பாட்டில்தான் பிஜி காலை வாரும். காலையில் சித்ரான்னம், ராத்திரி சாதமும் ரசமும் என்றால் புரதம் எங்கிருந்து வரும்? எடைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை சொல்வார்கள். 60 கிலோ இருந்தால் 90 கிராமுக்கு மேல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், அரை லிட்டர் நந்தினிப் பாலில் சுமார் 16. பருப்பு, சுண்டல், மீன் என்று கூட்டிப் பார்த்துவிட்டு, பற்றாததற்கு மட்டும் வே பவுடர் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பொடி) வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தள்ளுபடி என்றதும் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு மாதம். அதற்கும் முன்னால், நீங்கள் போகப்போகும் அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், எவ்வளவு நல்ல ஜிம்மானாலும் வேண்டாம்.