சும்மா இருக்கும் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள்

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் ஒரு கணினி சும்மா இருக்கிறதா? அதன் திறனை விஞ்ஞானிகளுக்குக் கொடுக்கலாம்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய 'பாயிங்க்' (BOINC) என்ற இலவச மென்பொருளை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய கணக்கு ஒன்றைச் சிறு துண்டுகளாக்கி உலகெங்கும் உள்ள கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெறுவதுதான் இதன் வேலை. புரதங்களை ஆராயும் 'ரொசெட்டா அட் ஹோம்', வேகமாகச் சுழன்று துடிப்புபோல் கதிர் வீசும் 'பல்சார்' (pulsar) விண்மீன்களைத் தேடும் 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' போன்ற திட்டங்களில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். என் விருப்பம் ரொசெட்டா. மருத்துவத்துக்கு உதவக்கூடிய ஆய்வு அது.

நம் ஊர் வெக்கையில் முக்கியமானது அமைப்புதான். நிறுவியதும் 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்' போய், சிபியு (கணினியின் செயலி) பயன்பாட்டை 50 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். பேட்டரியில் ஓடும்போதும், நீங்கள் வேலை செய்யும்போதும் நிற்கும்படி வையுங்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைக்கவே வேண்டாம், காற்றுத் துளை அடைபட்டுவிடும். இதற்காக ஏர்கானைப் போடுவதும் வீண். காற்றோட்டமான ஜன்னலோரம் போதும்.

மின்கட்டணம் கூடத்தான் செய்யும். கூடுதலாக 100 வாட் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 0.8 யூனிட். கட்டுப்படியாகும் நேரத்துக்கு மட்டும் ஓட விடுங்கள்; கிழமைவாரியாக நேரம் குறிக்கவும் அதே இடத்தில் வசதி உண்டு.

அலுவலகக் கணினியில் அனுமதியில்லாமல் நிறுவாதீர்கள்.