ஜப்பான் அம்ப்ளிஃபயரைச் சொருகுமுன்

கொழும்பில் பழைய ஜப்பான் அம்ப்ளிஃபயர் வாங்கினால், முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 100 வோல்ட் என்றிருந்தால் நமது 230 வோல்ட் பிளக்கில் நேரே போடவே கூடாது, உள்ளே கருகிவிடும். வோல்டேஜைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். புறக்கோட்டைக் கடையில் 110 வோல்ட் தருவதை நீட்டினால் எடுக்காதீர்கள். 100 வோல்ட் தருவதையே கேளுங்கள். வீட்டு லைன் 240 வோல்ட்டுக்கு ஏறினால் அந்த 110, 115 ஆகிவிடும். பாவம், செட் தாங்காது! தகட்டில் 200 வாட் என்றால் 400 வாட் ட்ரான்ஸ்போமர் எடுங்கள், அதிகம் சூடேறாது. செட்டில் வோல்டேஜை மாற்றும் சுவிட்ச், அதாவது வோல்டேஜ் செலக்டர், இருக்கிறதா? அப்போ சரி, கரண்டை நிறுத்திவிட்டு 230க்குத் திருப்பினால் போதும். 230க்கு உரிய ஃபியூஸ் போட மறக்க வேண்டாம்.

அப்புறம், இசைத்தட்டைச் சுற்றும் டர்ன்டேபிள். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த சிங்க்ரனஸ் மோட்டார் (கரண்டின் ஹேர்ட்ஸைப் பொறுத்தே வேகம் அமைவது) நமது 50 ஹேர்ட்ஸில் மெதுவாகத்தான் சுற்றும், பாட்டு இழுக்கும். அதை ட்ரான்ஸ்போமர் சரிசெய்யாது. மோட்டார் தண்டிலுள்ள சிறு சக்கரத்தை, அதாவது புல்லியைத்தான், மாற்ற வேண்டும்.