மாரியில் ஏ9 வீதியால் வேலைக்குப் போக ஒரு பழைய கார்

யாழ்ப்பாணத்தில் வீடு, கிளிநொச்சியில் வேலை என்றால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 65 கிலோமீற்றர். போய்வர 130. மாதம் 22 நாள் ஓடினால் 2,860, வருடத்துக்கு 34,000க்கு மேல். வவுனியா என்றால் ஒரு வழியே 140 கிலோமீற்றர். ஊருக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் போகிற கார் மூன்று நான்கு வருடம் ஓடுகிற ஓட்டத்தை இந்தக் கார் ஒரே வருடத்தில் ஓடிவிடும். அதில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் மழைக்குள்ளும் தேங்கின தண்ணிக்குள்ளும்தான்.

கார் பார்க்கப் போகிறவர்கள் முதலில் மீற்றரையும் பெயின்ரையும் பார்க்கிறார்கள். இந்த ஓட்டத்துக்கு அவை இரண்டும் பிறகு. இங்கே காரைத் தின்பவை தண்ணியும் உப்பும். அதனால் அடியில் தொடங்கி மேலே வாருங்கள். அடி சரியில்லையென்றால் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடலாம்.

அடிப்பக்கம்

வாங்குமுன் ஏதாவது ஒரு சேர்விஸ் நிலையத்தில் காரைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். நிலத்தில் குனிந்து ரோர்ச் அடித்துப் பார்த்தது போதாது. விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் அடுத்த காரைப் பார்க்கலாம்.

உப்பு இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கும். ஒன்று நம்முடைய உப்பு: ஆனையிறவுக் கடல்நீரேரி, பண்ணைப் பாலம், காரைநகருக்குப் போகிற பொன்னாலைப் பாலம். தீவுப்பகுதியில் வளவுக்குள் நின்ற கார் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மற்றது ஜப்பான் உப்பு. ஹொக்கைடோ போன்ற பனி விழும் வடபகுதிகளில் குளிர்காலத்தில் பனியை உருக்க வீதியில் உப்பு போடுவார்கள். அங்கே பல குளிர்காலம் ஓடிய கார் மேலே கண்ணாடி மாதிரி மின்னும், அடியில் செதில் செதிலாகக் கழரும். ஏலத்தாள், அதாவது ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையைக் குறித்துக் கொடுத்த தாள், இருந்தால் வாங்கிப் பாருங்கள். காரின் படத்தில் ‘எஸ்’ என்ற குறி துருவையும் ‘சி’ என்ற குறி அரிப்பையும் காட்டும். தரம் போடுகிற இடத்தில் ‘ஆர்’ என்று இருந்தால் அடிபட்டு உடற்சட்டம் திருத்திய கார்.

தூக்கிய பிறகு பார்க்க வேண்டிய இடங்கள்: பின் அச்சு உடலோடு சேருகிற இடம், பின் ஷொக் அப்சோபரின் மேல் தாங்கி, கதவுக்குக் கீழே ஓடும் ஓர மடிப்பு, பிறேக் ஒயில் போகிற மெல்லிய இரும்புக் குழாய், சைலன்சர் மூட்டுகள். துரு எல்லாம் ஒரே துரு அல்ல. விரலால் தேய்த்தால் பழுப்புத் தூளாக வருவது மேல்துரு, அது பரவாயில்லை. ஒரு ஸ்குறூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘டிங்’ என்று சொல்லும். உக்கின இரும்பு ‘தப்’ என்று அடங்கும், சிலவேளை செதில் விழும். பிறேக் குழாயில் செதில் கண்டால் அதை மாற்றாமல் அந்தக் கார் ஒரு நாள்கூட ஓடக் கூடாது.

அடி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் (துரு தடுக்கும் பூச்சு) அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். விற்பதற்கு இரண்டு கிழமை முன் அடித்த கறுப்பு எதையோ மூடுவதற்குத்தான். அது இன்னும் பிசுபிசுப்பாக இருக்கிறதா, நட்டுகளின் மேலும் ரப்பர்களின் மேலும் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளம் குடித்த கார்

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொழும்புப் பக்கம் எத்தனையோ கார்கள் தண்ணிக்குள் தாண்டன. 2018 டிசம்பரில் கிளிநொச்சி வெள்ளம், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். தாண்ட கார்கள் காய்ந்து, கழுவப்பட்டு, வேறு மாவட்டத்தில் விலைக்கு வருகின்றன. இது புதிய விஷயமில்லை.

முதல் சோதனை சீற் பெல்ற். நான்கையும் முடிவு வரை இழுத்து வெளியே எடுங்கள். மேலே இருக்கும் பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒன்றரை முழத்தை யாரும் கழுவுவதில்லை. அங்கே தேநீர்க் கறை மாதிரி ஒரு கோடு இருந்தால் தண்ணி அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பிறகு சாரதி பக்கத்துக் கார்பெற்றின் ஓரத்தைத் தூக்கி, அதற்குக் கீழேயுள்ள ஸ்பொஞ்சைக் கையால் பிழியுங்கள். கார்பெற் ஒரு நாள் வெயிலில் காயும், ஸ்பொஞ் கிழமைக்கணக்கில் காயாது. கையில் ஈரமோ மண்வாசமோ வந்தால் போதும். ஸ்பெயர் ரயர் கிடக்கும் குழி, சீற்றைத் தரையோடு பிடிக்கும் போல்ற்றுகள், டாஷ்போட்டுக்கு அடியில் வயர் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எயார் பில்ரர் பெட்டியைத் திறந்து அடியில் மண் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தண்ணி எஞ்சினுக்குள் போயிருக்கக்கூடும். எஞ்சின் ஒயில் பால்கோப்பி நிறத்தில் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணக்கும் காரில் ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் ஐந்து நிமிடம் போட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உள்ளே இருங்கள். பூஞ்சண மணம் வெளியே வந்துவிடும்.

ஹைபிரிட் காரில் வெள்ளம் இன்னும் பெரிய கேடு. டொயோட்டா அக்குவாவின் பெரிய பற்றரி பின் சீற்றுக்கு அடியில் இருக்கிறது. சுசுகி வாகன்ஆர் ஹைபிரிட்டின் சிறிய லித்தியம் பற்றரி முன் பயணி சீற்றுக்கு அடியில். தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணி ஏறினாலே இவை நனையும்.

எந்தக் கார்

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாட்டில் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் வருடத்தைப் பார்த்து விலையை மதிக்க முடியாது, ஒவ்வொரு காரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

ஆல்டோ மலிவு, பாகம் எங்கும் கிடைக்கும், எந்தக் கராஜிலும் திருத்துவார்கள். தரையிலிருந்து உயரமும் 160 மில்லிமீற்றர் அளவில் போதுமானது. ஆனால் நாளுக்கு 130 கிலோமீற்றர் இருந்து பார்த்தால் இடுப்பு சொல்லும். வாகன்ஆர் எரிபொருளில் நல்லது, உள்ளே இடம் தாராளம். ஆனால் அது உயரமான, பாரம் குறைந்த கார். ஆனையிறவில் வீதிக்குக் குறுக்கே வாடைக்காற்று அடிக்கும்போது எதிரே பஸ் ஒன்று வந்து கடந்தால் ஸ்ரியறிங் கையில் துள்ளும். 65 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஓடுகிறவருக்கு அது பெரிய குறையில்லை.

விட்ஸ் ஆயிரம் சீசீ இந்த வேலைக்கு நேர்மையான கார். அக்குவா பெற்றோலை மிச்சம் பிடிக்கும், ஆனால் பழைய அக்குவாக்களின் தரை உயரம் 140 மில்லிமீற்றர் அளவுதான். பள்ளமான ஒழுங்கைக்குள் வீடு என்றால் முதல் அடைமழையிலேயே முன் பம்பரின் அடித்தட்டு கழன்றுவிடும். அக்சியோ, கொரோலா நீண்ட ஓட்டத்துக்கு உடம்புக்குச் சுகம், நனைந்த ரோட்டில் நிதானமாக நிற்கும். முதல் தலைமுறை ஹொண்டா வெசலின் உயரம் நல்லது. ஆனால் அந்தத் தலைமுறை ஹொண்டா ஹைபிரிட்டுகளின் இரட்டைக் கிளச் கியர்பெட்டி நெரிசலில் சூடேறும். ஏற்றத்தில் மெல்ல ஊர்ந்து பார்த்து, உதறல் வந்தால் வேண்டாம்.

எரிபொருள் கணக்கைக் காசுக்கு முன் லீற்றரில் போட்டுப் பாருங்கள். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் நாளுக்கு 10.8 லீற்றர் குடிக்கும். 18 ஓடுவது 7.2. வித்தியாசம் நாளுக்கு 3.6, மாதம் 79 லீற்றர். வாங்கும்போது இரண்டு காருக்கும் விலை எவ்வளவு வித்தியாசம் என்பதை இந்த 79 லீற்றரோடு ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

அக்குவா, பிரியஸ் எடுப்பவர்கள் கட்டாயம் ஸ்கான் போட்டுப் பற்றரியின் ஒவ்வொரு தொகுதி வோல்ற்றேஜையும் பார்க்க வேண்டும். சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும். ஓடும்போது, அழுத்தி மிதிக்கும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றதைவிடத் தாழ்ந்து போகிறதா என்பதுதான் கேள்வி. பின் சீற்றின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்று இழுக்கும் வலை இருக்கிறது. அதில் தூசி அடைத்திருந்தால் பற்றரி வருடக்கணக்காக வெக்கையில் இருந்திருக்கிறது. ஹைபிரிட்டில் மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பிறேக் தட்டுக்கு வேலை குறைவு. அதனால் உப்புக்காற்றில் நிற்கும் ஹைபிரிட்டின் தட்டில் துரு பிடித்து, அதை அமுக்கிப் பிடிக்கும் கலிப்பர் இறுகிவிடும். பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு நான்கு சில்லுக்கும் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது இறுகியிருக்கிறது.

ரயர், வெளிச்சம், கண்ணாடி

ரயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது கிழமை. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு வருடம் கடந்த ரயர் நம் வெயிலில் இறுகிப்போயிருக்கும், நனைந்த ரோட்டில் பிடிக்காது. ரயரின் தேய்வுக் குறி 1.6 மில்லிமீற்றரில் இருக்கிறது. மாரிக்கு அது போதாது, 3 மில்லிமீற்றராவது வேண்டும். மொட்டை ரயர் தேங்கின தண்ணியின் மேல் ஏறி மிதக்கும், அப்போது ஸ்ரியறிங்கும் பிறேக்கும் இருந்தும் இல்லாத மாதிரி. நான்கு ரயர் மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் காசை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஹெட்லைற்றை இருட்டினபிறகு ஒரு மதிலுக்கு எதிரே போட்டுப் பாருங்கள். பளையிலிருந்து பரந்தன் வரை இரவில் நடு ரோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளை மஞ்சள் படிந்த லைற் காட்டாது. கறுத்த எருமை அதற்குமேல். ஏசியைப் போட்டு முன் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள். கண்ணாடியில் படிந்த நீராவிப் புகார் இரண்டு நிமிடத்தில் விலக வேண்டும். மாரியில் ஏசி சொகுசுக்கு அல்ல, ரோட்டைப் பார்ப்பதற்கு.

ஓடிப் பார்ப்பது

போகுமுன் விற்பவருக்குச் சொல்லிவிடுங்கள்: “அண்ணை, நாங்கள் வருமட்டும் ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ.” போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் எழும்பும்போது வரும் சத்தமும் புகையும்தான் உண்மை பேசும். நீலப் புகை ஒயில் எரிவது. தொடர்ந்து வெள்ளைப் புகை வந்து, ரேடியேற்றர் தண்ணியும் குறைந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணி போகிறது.

ஊர் ஒழுங்கைக்குள் ஒரு சுற்றுப் போதாது. சாவகச்சேரி தாண்டிக் கொடிகாமம் வரையாவது ஓடுங்கள். 60க்கு மேல் ‘ஊ’ என்ற ஒரு முனகல் வந்து, மெல்ல இடப்பக்கம் வலப்பக்கம் திருப்பும்போது கூடிக் குறைந்தால் அது சில்லு பெயறிங். தண்ணிக்குள் அடிக்கடி இறங்கிய காருக்கு முதலில் போவது அதுதான். திரும்பி வந்ததும் ஹோஸ் பைப்பால் முன் கண்ணாடி, கதவு, டிக்கி மூடி மேல் பத்து நிமிடம் தண்ணி அடித்து, உள்ளே கார்பெற்றை மறுபடி தொட்டுப் பாருங்கள்.

மீற்றர் திருப்பியதைப் பிடிக்க, சேர்விஸ் ஸ்ரிக்கர்களில் எழுதிய எண்களை வரிசையாக வாசியுங்கள். 60,000 காட்டும் காரில் பிறேக் பெடல் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்க முடியாது.

கடதாசி

பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் நேரே வாசித்து ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் உரிமை விடுவிப்பும் கையில் வராமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ‘ஓப்பின் பேப்பர்’ காரை, அதாவது இடையில் வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாத காரை, எடுக்கவே வேண்டாம். பதிவில் உள்ளவர் வெளிநாடு போயிருந்தால் கையெழுத்துக்கு அலைந்தே வருடம் போகும். முழுக் காப்புறுதி எடுக்கும்போது வெள்ளச் சேதம் அடங்குகிறதா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள்.

வாங்கிய பிறகு

கார்த்திகை பிறக்கக் கார் தேட வேண்டாம். ஆவணியில் தேடினால் பார்க்க நேரம் இருக்கும், திருத்தவும் நேரம் இருக்கும். எடுத்த முதல் கிழமையில் எஞ்சின் ஒயில், கியர்பெட்டி ஒயில், பிறேக் ஒயில், வைப்பர் நாக்கு எல்லாம் மாற்றுங்கள். பழைய ஆள் மாற்றியதாகச் சொன்னாலும் மாற்றுங்கள். 12 வோல்ற் பற்றரி எஞ்சின் நின்றிருக்கும்போது 12.6 வோல்ற்றும், சாதாரணப் பெற்றோல் கார் ஓடும்போது 14க்குக் கிட்டவும் காட்ட வேண்டும். இந்த ஓட்டத்தில் 5,000 கிலோமீற்றர் ஏழெட்டுக் கிழமையில் முடிந்துவிடும், ஆகவே அடுத்த சேர்விஸ் நாளை அன்றைக்கே கலண்டரில் குறியுங்கள்.

தேங்கின தண்ணி சில்லின் நடுக் குடத்துக்கு மேல் நின்றால் இறங்க வேண்டாம். இறங்கி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்ரார்ட் பண்ணவே கூடாது. உள்ளே போன தண்ணியைப் பிஸ்ரனால் அமுக்க முடியாது, தண்டுதான் வளையும். தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கடல்நீரோ கடல்நீரேரித் தண்ணியோ ஏறிய ரோட்டால் வந்த நாளில், அன்று மாலையே நல்ல தண்ணியால் அடிப்பக்கத்தை, சில்லு வளைவுகளின் உட்புறம் உட்பட, அடித்துக் கழுவுங்கள்.