மலச்சிக்கலா? மாத்திரைக்கு முன் இதைச் செய்து பாருங்கள்

பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலத்தை அடக்கி வைத்தால் அது காய்ந்து இறுகுவது அதனால்தான். வயிற்றில் உணவு இறங்கியதும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும். காலையில் இந்த அசைவு நன்றாகவே இருக்கும். காலை உணவு முடிந்த அரை மணி நேரத்துக்குள் கழிப்பறைக்குப் போய்ப் பழகுங்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் 20 செ.மீ. உயர முக்காலி போட்டு, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்படி சற்றே முன்குனிந்து உட்காருங்கள். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் (செல்போன் வெளியிலேயே இருக்கட்டும்). முக்கி முக்கி இருந்தால் மூலம் வரலாம்.

நார்ச்சத்து நாளைக்கு 25-30 கிராம் தேவை. ஒரேயடியாகக் கூட்டினால் வாயுவும் உப்புசமும்தான். வாரத்துக்கு 5 கிராம் வீதம் ஏற்றுங்கள், தண்ணீரையும் சேர்த்து. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.