சிவராத்திரிக்கு எப்படியும் முழிச்சிருப்பீங்க, அப்படியே வானத்தையும் பாருங்க

டெலஸ்கோப் இருந்தாத்தான் நட்சத்திரம் பார்க்கலாம்னு நம்மாளுங்க நிறைய பேர் நினைக்கிறாங்க. மொரட்டுவையில ஆதர் சி. கிளார்க் நிறுவகத்துல 45 சென்டிமீட்டர் டெலஸ்கோப் இருக்கு, சந்தர்ப்பம் கிடைச்சா கட்டாயம் போய் பாருங்க. ஆனா நுவரெலியா பக்கம் இருக்கிற நமக்கு முதல் ராத்திரிக்கு கண்ணே போதும்.

முதல்ல நாள். போயா (பௌர்ணமி) லீவுக்கு ப்ளான் போடாதீங்க, நான் அப்படித்தான் போய் நிலாவை மட்டும் பார்த்துட்டு வந்தேன். சிவராத்திரி அமாவாசையை ஒட்டி வர்றதால விடியப் போற நேரம் வரைக்கும் நிலா தொந்தரவு இல்ல, மழையும் குறைவு. தை மாசியில கொழுந்து பனியில கருகுற ராத்திரி இருக்கே, தோட்டத்துக்கு வயித்தெரிச்சல்தான், ஆனா வானம் பார்க்க அதைவிட நல்ல ராத்திரி கிடையாது, மேகம் இல்லாததால தரையோட சூடெல்லாம் மேல போயிருது, அதாலதான் கொழுந்தே கருகுது.

அடுத்து இடம். ஆத்துப் பள்ளம் வேணாம், குளிர்ந்த காத்து அங்கதான் இறங்கும், மிஸ்ட்டும் அங்கதான் தேங்கும். மேட்டுக் கோயில் திடல் மாதிரி இடம் நல்லம். தேயிலைக்குள்ள தனியா இறங்காதீங்க, சிறுத்தை நடமாடுது. சுவெட்டர், குல்லா, ஃபிளாஸ்க்ல பிளேன்டீ, டோர்ச். டோர்ச் வாயில சிவப்பு செலோபேன் சுத்திக்கங்க, ஏன்னா கண்ணு இருட்டுக்குப் பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒருதடவை போனைத் திறந்தா எல்லாம் போச்சு, மறுபடி முதல்ல இருந்து.

இப்ப பார்க்கிறது. நெட்ல துருவ நட்சத்திரத்துல தொடங்கச் சொல்லுவாங்க, நமக்கு அது வடக்கே வெறும் 7 பாகை உயரத்துலதான் இருக்கு, மலை மறைச்சிரும். அதை விடுங்க. ராத்திரி எட்டு மணி போல தலையை அண்ணாந்து பாருங்க, உச்சிக்குப் பக்கத்துல சிவப்பா ஒண்ணு, அதுதான் திருவாதிரை. சிவனோட நட்சத்திரம் சிவராத்திரியில சரியா நம்ம தலைக்கு மேல, எனக்கு ஒவ்வொரு வருஷமும் புல்லரிக்கும். அதுக்குக் கிட்ட வரிசையா மூணு நட்சத்திரம், கீழ மங்கலா ஒரு புகை, 10x50 (பத்து மடங்கு பெருசா காட்டுற, 50 மில்லிமீட்டர் லென்ஸ்) பைனாகுலர் இருந்தா அதுல வைங்க, நட்சத்திரம் பிறக்கிற இடம், கிட்டத்தட்ட 1,300 ஒளியாண்டு தூரம்.

அப்படியே தெற்கே திரும்பினா ரொம்ப பளிச்சுன்னு சிரியஸ், அதைத்தான் நிறைய பேர் அகத்தியர் நட்சத்திரம்னு (இங்கிலீஷ்ல கனோபஸ்) நினைச்சுக்கிறாங்க, அது இல்ல, இன்னும் கீழ வாங்க. கையை நீட்டி முஷ்டியைப் பிடிச்சா ஏறத்தாழ 10 பாகை, அடிவானத்துல இருந்து மூணு முஷ்டி மேல இருக்கிற வெள்ளைதான் அகத்தியர்.

தெற்குச் சிலுவை (சிலுவை மாதிரி நிக்கிற நாலு நட்சத்திரம்) வேணும்னா கோயில்ல ரெண்டாம் ஜாமம் மூணாம் ஜாமம் பூசை பார்த்துட்டு ஒரு மணி ரெண்டு மணி போல வெளிய வாங்க, தெற்கு மலைக்கு மேல நிமிர்ந்து நிக்கும். அதுக்குள்ள பிளேன்டீ தீர்ந்திரும், ரெண்டு ஃபிளாஸ்க்கா கொண்டு போங்க.